சுவரில் நின்ற கணவன்

கலமோராவில் நிஜ ஜன்னல்களைவிட வரைந்த ஜன்னல்களே அதிகம். துறைமுகத்தைப் பார்த்து நெருக்கியடித்து நிற்கும் ஐந்து மாடி வீடுகளின் முகப்பில் கற்சட்டம், பச்சை மரக்கதவு, அந்தக் கதவின் நிழல் எல்லாமே சாயத்தில் தீட்டியவைதான். சிலர் விளிம்பில் ஒரு பூனையையும் உட்கார வைத்திருப்பார்கள். படகிலிருந்து பார்க்கிறவனுக்கு எது சுவர், எது வழி என்று தெரியாது. உள்ளே மூச்சு விடுகிறவனுக்குத்தான் தெரியும். வெளியே வரிசை பிசகாமல் இருந்தால் போதும், உள்ளே எப்படிக் கிடந்தால் என்ன என்பது அந்த ஊரின் பரம்பரைப் புத்தி.

எர்சீலியாவின் வீட்டில், இரண்டாம் மாடியின் நாலாவது ஜன்னல் அப்படி வரைந்தது. அதில் பூனை இல்லை. புருஷன் இருந்தான்.

வலது முழங்கையை விளிம்பில் ஊன்றி, இடது கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, ஜெரோலமோ கடலைப் பார்த்தபடி நின்றான். 1927ஆம் வருஷம் அவனே தன் கையால் தன்னை வரைந்துகொண்டது. ஆள் இருந்ததைவிட நாலு விரற்கடை உயரம் கூடுதல். இல்லாத மோவாய் ஒன்று எடுப்பாக இருந்தது. வழுக்கை விழத் தொடங்கிய நெற்றியில் சுருள் சுருளாக முடி. வீட்டு முகப்புகளுக்குச் சாயம் பூசிப் பிழைத்தவன். பிறர் வீட்டுச் சுவரில் பூனையை வரையச் சொன்னால் பூனையை வரைவான், தன் மனைவியின் வீட்டுச் சுவர் கிடைத்ததும் தன்னையே வரைந்துகொண்டான்.

சாரத்திலிருந்து இறங்கி வந்து, “நான் ஊர்ல இல்லாதப்போ நீ தனியா இருக்கேன்னு நினைக்கக்கூடாதுல்ல, அதுக்குத்தான்” என்றான்.

எர்சீலியாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதை அன்பு என்று நம்பினாள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து அழக்கூடச் செய்தாள். படத்தில் அவன் முகம் ஊருக்கும் முதுகு அவளுக்கும் இருந்தது அந்தப் பேதையின் புத்தியில் உறைக்கவில்லை.

அவள் நெத்திலி உப்பிடும் குடும்பத்துப் பெண். ஒரே மகள் என்பதால் அப்பாவுக்குப் பின் வீடு அவளுக்கே வந்தது. அந்த நாலாவது ஜன்னல் ஒரு காலத்தில் நிஜ ஜன்னலாகத்தான் இருந்ததாம். உப்பில் அடுக்கிய நெத்திலிக்கு வெளிச்சம் ஆகாது என்று அவள் தாத்தா அதைச் செங்கல் வைத்து அடைத்து, அறை முழுக்கப் பீப்பாய்களை நிறுத்திவிட்டார். பீப்பாய்கள் போய் வெகுகாலமாகியும் அறையில் இருட்டும் நாற்றமும் போகவில்லை. அந்த இருட்டின் மறுபுறத்தில்தான் ஜெரோலமோ வெயிலில் சிரித்துக்கொண்டு நின்றான்.

மறு வருஷம் இலையுதிர் காலத்தில் அவன் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினான். அங்கே நாளொரு வீடு எழும்புகிறதாம், சாயம் பூச ஆள் போதவில்லையாம், இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடுவானாம். எட்டாம் மாதம் கடிதம் வந்தது. எர்சீலியா சமையலறையில் பூண்டும் பாசில் இலையும் இடித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரு புகைப்படம். பருத்த பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் கை வைத்து ஜெரோலமோ நின்றான். பெண்ணின் வயிறு இன்னும் இரண்டு மாதத்தில் பிரசவம் என்று சொன்னது. பின்பக்கத்தில் மூன்றே வரி. என்னை எதிர்பார்க்காதே, நீ நல்லவள், உனக்கு நல்லதே நடக்கும். மூன்று வரியில் இரண்டு எழுத்துப் பிழைகள் வேறு.

அவள் அலறவில்லை. கடிதத்தை அடுப்பில் போட்டாள். அது கருகிச் சுருளும் நேரத்துக்குள் தன் மீதி ஆயுளுக்கும் ஒரு முடிவு செய்துவிட்டாள்.

ஏனென்றால் கலமோராவில் கடலுக்குக் கணவனைக் கொடுத்தவளுக்கு முதல் வரிசை. ஆகஸ்ட் மாதத்து மாதா திருவிழாவில், பங்குத்தந்தைக்கும் முன்னால், கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு கடல் விதவைகள்தான் நடப்பார்கள். ஊரே வழிவிட்டுத் தலை தாழ்த்தும். இன்னொருத்திக்குக் கணவனைக் கொடுத்தவளுக்கோ அந்த ஊரில் கடைசி வரிசைகூட இல்லை. மீன் சந்தையில் அவள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு எழும். அவ்வளவுதான் அவள் கண்ட மரியாதை.

அவள் நேரே மாமியார் வீட்டுக்குப் போனாள். கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, போகிற வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டாராம், இத்தனை மாதம் கழித்து எழுதுகிறார்கள் பாவிகள், உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்களாம் என்றாள். மாமியார் மார்பில் அறைந்துகொண்டு தரையில் விழுந்தாள். ஜெரோலமோவின் தங்கை பெனெடெட்டா, பதினாறு வயதுப் பெண், மூர்ச்சையானாள். கோயிலில் பூசை நடந்தது. எர்சீலியா கறுப்பு உடுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் அவளை நிமிர்ந்து நிற்க வைத்தது ஒரே ஒரு எண்ணம்தான்: இந்த முட்டாள்களை நான் ஏமாற்றிவிட்டேன். பூசை வைத்த பாதிரியார் முட்டாள். வழிவிட்ட மீன்காரிகள் முட்டாள்கள். மகனுக்காகத் தினமும் ஜெபமாலை உருட்டிச் செத்த மாமியார் எல்லாரையும்விடப் பெரிய முட்டாள். யாராவது அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னால், தலையைக் குனிந்துகொண்டு உள்ளுக்குள் அவர்களை ஏளனம் செய்வாள். கட்டிய புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, செத்ததற்குச் சான்றிதழ் இல்லாததால் அரசாங்க உதவியும் இல்லை. அந்த ஏளனம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த சொத்து.

ஊரும் அவள் ஏளனத்துக்குக் குறை வைக்கவில்லை. சலவைக்கல்லும் நிலக்கரியும் கோதுமையும் ஏற்றி வந்த பாய்மரக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. யுத்தம் வந்து போனது. அதன் பிறகு கப்பல் வராத துறைமுகத்துக்கு மிலான் நகரத்திலிருந்து கோடை கழிக்க மனிதர்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் உரித்த பூண்டு போல வருவார்கள், செப்டம்பரில் வேகவைத்த நண்டு போலத் திரும்பிப் போவார்கள். கப்பல் கட்டிய மணலில் வரிசை வரிசையாகக் குடை நட்டார்கள். தார் விற்ற கடையில் ஐஸ்கிரீம் விற்றார்கள். மீன் ஏலம் கூவியவர் மேயரானார். இப்போதும் அவர் பேசினால் அழுகப் போகிற சரக்கைத் தள்ளிவிடுகிற அவசரம் தெரியும்.

கயிறு விற்றவரின் மகன் ஃபிகாரி, அப்பாவின் கயிற்றுக் கொட்டகையை இடித்து ஹோட்டல் கட்டினான். அவன் சொல்வதுதான் ஊரில் சட்டம். பெருங்கடல் கடந்த மாலுமிகளின் பேரன்கள் அவன் வாசலில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு தட்டு ஏந்தினார்கள். அதற்காக வெட்கப்பட்டவன் ஒருவனும் இல்லை. தட்டில் விழுகிற சில்லறையின் சத்தத்தை வைத்தே அது எத்தனை லிரா என்று சொல்லும் திறமையைத்தான் வளர்த்துக்கொண்டார்கள்.

ஜூன் பிறந்தால் ஊரே தன் வீட்டுக்குள்ளேயே குடிபெயரும். கடல் தெரிகிற நல்ல அறைகளை மிலான்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் சமையலறையிலும் கரிக்கிடங்கிலும் மாடிப்படிக்கு அடியிலும் படுப்பார்கள். எர்சீலியாவும் அதையே செய்தாள். மூன்று நிஜ ஜன்னல்களையும் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நாலு மாதமும் நெத்திலி அறைக்குள் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். அந்த வருமானத்தில்தான் குளிர்காலத்துக்கு அடுப்பெரிய வேண்டும்.

ஃபிகாரியின் கண்ணில் சுவர்ப் புருஷன் பட்டது 1959ஆம் வருஷம். மறு வாரமே, விரிகுடாவைச் சுற்றிக் காட்டுகிற படகில் வழிகாட்டி ஒருவன் ஒலிபெருக்கியில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான். கடலில் மாண்ட கணவன் அந்த ஜன்னலில் நின்று கப்பல்களுக்கு வழி காட்டுகிறானாம். உள்ளே அவன் மனைவி முப்பது வருஷமாகக் கறுப்பு உடுத்தி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறாளாம். மிலான் சீமாட்டிகள் கைக்குட்டையைத் தேடினார்கள். ஜெனோவாவிலிருந்து ஓவியர் ஒருவர் வந்து ஜெரோலமோவின் கன்னத்துக்கு ரோஜா நிறம் ஏற்றிவிட்டுப் போனார். தபால் அட்டை அச்சானது. அதன் பிறகு ஃபிகாரி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எர்சீலியாவைப் பார்க்க வந்தான்.

“சிஞோரா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் படகு வர்றப்போ வாசல்ல வந்து நில்லுங்க. கறுப்புச் சால்வையோட.”

“நின்னு?”

“கடலைப் பாருங்க.”

“எவ்வளவு நேரம் பாக்கணும்?”

“படகு திரும்புற வரைக்கும். அழணும்னு இல்ல. அழுதா வேணாம்னும் சொல்ல மாட்டேன்.”

அவள் நின்றாள். இரண்டு கோடை முழுக்க, கூலி வாங்கிக்கொண்டு நின்றாள். யாரைப் பார்த்தாலும் இளக்காரமாக நினைக்கிற பெண், ஆறு மணியானால் சால்வையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கி வந்தாள். ஒருமுறை சீமாட்டி ஒருத்தி படகிலிருந்து இறங்கி ஓடிவந்து, வெயில் எண்ணெய் மணக்கிற கைகளால் அவளைக் கட்டிக்கொண்டு, உங்களைப் போல என்னால் ஒருத்தரை நேசிக்க முடியாது என்று விசும்பினாள். எர்சீலியா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். சீமாட்டி போனதும் எண்ணெய் பட்ட சால்வையைத் துவைத்துப் போட்டாள்.

1961 மார்ச்சில் அவள் நெஞ்சில் சளி கட்டி ஒரு மாதம் படுக்கையில் கிடந்தாள். டாக்டர் வந்து முதுகில் காது வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து நெத்திலி அறைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் வெளியே வந்தார்.

“இதுலயா நாலு மாசம் படுக்கறீங்க? இன்னொரு கோடை இதுக்குள்ள படுத்தீங்கன்னா அடுத்த குளிரைப் பாக்க மாட்டீங்க. காத்து வேணும்மா. மருந்து அப்புறம்.”

வாடகைக்கு விடாமல் இருக்க வழியில்லை. காற்றில்லாமல் பிழைக்கவும் வழியில்லை. மீதி இருந்தது ஒரே வழி. கொத்தனார் செவெரோவைக் கூப்பிட்டாள். அவர் உள்பக்கச் சுவரில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஒற்றைச் செங்கல்தான், நல்ல கைக்கு அரை நாள் வேலை, பழைய கற்சட்டம் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது என்றார். ஆனால் முகப்பில் கை வைப்பதானால் நகராட்சி அனுமதி வேண்டும் என்றும் சொன்னார். எர்சீலியா மனு எழுதிப் போட்டாள். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று, மிலான்காரர்கள் வந்து இறங்கினார்கள், அவள் இருட்டறைக்குள் போனாள். இரவெல்லாம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி இருமினாள். ஜூலை நடுவில் கூப்பிட்டனுப்பினார்கள்.

நகராட்சியின் பெரிய அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேயர், ஃபிகாரி, ஃபிகாரி தலையசைத்தால் தாங்களும் அசைக்கிற மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஜன்னல்களும் விரியத் திறந்து, கடல் காற்றில் மேசைமேல் காகிதங்கள் படபடத்தன. பறக்காமலிருக்க அதன்மேல் கல் வைத்திருந்தார்கள்.

மேயர் குழைந்து பேசினார். ஊர் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறதாம். அந்தப் படத்தைத் தொடுவது மட்டும் முடியாதாம். வேண்டுமானால் ஊர்ச் செலவிலேயே ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுப்பார்களாம்.

“விசிறி உள்ள இருக்கிற காத்தைத்தான் சுத்தும். உள்ள காத்தே இல்ல” என்றாள் எர்சீலியா.

ஃபிகாரி கையைக் கூப்பாத குறைதான். “சிஞோரா, அது வெறும் சுவரா? இந்த ஊரோட கண்ணு. செத்துப்போனவருக்கு ஒரு மரியாதை வேணாமா? நீங்களே அவர் நெஞ்சுல ஓட்டை போடச் சொல்லலாமா?”

எர்சீலியாவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முப்பத்திரண்டு வருஷம் அடைகாத்த பொய் அது. அதைப் போட்டு உடைத்தால் தன் மானம் மொத்தமும் போய்விடும், மெழுகுவர்த்தி போய்விடும், முதல் வரிசை போய்விடும். ஆனால் உயிர் இருக்கும். ஒருகணம் கண்ணை மூடித் திறந்தாள்.

“அவன் சாகல. அர்ஜென்டினாவுல, ரொசாரியோ ஊர்ல இன்னொருத்தியோட இருக்கான். எனக்கு எழுதினான். நான்தான் கடிதத்தைக் கொளுத்திட்டு, செத்துட்டான்னு சொன்னேன். நான் விதவையே இல்ல. உங்க படகுல சொல்ற கதை மொத்தமும் பொய். இப்ப சுவரை இடிக்க விடுங்க.”

கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள். மேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உக்காரும்மா. அது எங்களுக்குத் தெரியும்.”

எர்சீலியா உட்காரவில்லை.

“எங்க மாமா ரொசாரியோ போனப்போ ஜெரோலமோ வீட்டுலதான் ஒரு வாரம் தங்கினாரு” என்றான் ஃபிகாரி. “சாயக்கடை வெச்சிருக்காரு. நாலு பசங்க.”

“மூத்தவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு” என்றார் மூன்று பேரில் ஒருவர்.

“ரெண்டாவதுக்கும் ஆயிடுச்சுப்பா, போன வருஷம்” என்று பக்கத்திலிருந்தவர் திருத்தினார்.

“எப்பலேருந்து தெரியும்?” என்று கேட்டாள் எர்சீலியா.

“முதல்லேருந்துதான்” என்றார் மேயர். “உங்களுக்கு எழுதின அன்னிக்கே அவங்க அம்மாவுக்கும் எழுதியிருந்தாருல்ல. ரெண்டு உறையும் ஒரே தபால் பையில வந்துச்சு. நீங்க கறுப்பு கட்டிக்கிட்டீங்க. சரி, அதுல ஒரு நிம்மதின்னா இருந்துட்டுப் போகட்டும்னு ஊர்ல யாரும் வாயைத் திறக்கல.”

ஃபிகாரி மனுவை மடித்துத் தள்ளி வைத்தான். “அதனால ஜன்னல் விஷயத்துல ஒண்ணும் மாறல, சிஞோரா. சாயங்காலம் ஆறு மணிக்கு மறந்துடாதீங்க.”

மார்பில் அறைந்துகொண்டு தரையில் விழுந்த மாமியாரை எர்சீலியா நினைத்துப் பார்த்தாள். அந்தக் கிழவியின் பையிலும் அதே புகைப்படம் இருந்திருக்கிறது. மருமகள் பொய் சொன்னாள், மாமியார் பொய்யாக விழுந்தாள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஊர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. முட்டாள்கள் என்று அவள் எண்ணிய அத்தனை பேருக்கும் நடுவில் ஒரே முட்டாளாக அவள்தான் முப்பத்திரண்டு வருஷம் மெழுகுவர்த்தி பிடித்து நடந்திருக்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோயில் படியில் தெக்லா உட்கார்ந்திருந்தாள். புருஷனையும் மகனையும் ஒரே புயலில் பறிகொடுத்தவள் அவள், நிஜ விதவை. திருவிழாவில் ஒவ்வொரு வருஷமும் தன் மெழுகுவர்த்தியிலிருந்து எர்சீலியாவின் திரிக்குத் தீ கொடுப்பவள். இன்றும் வழக்கம்போலச் சற்று நகர்ந்து, பக்கத்தில் உட்கார இடம் விட்டாள். அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் அத்தனை வருஷமும் தீ கொடுத்திருக்கிறாள். மேயரையும் ஃபிகாரியையும் எர்சீலியாவால் காறித் துப்ப முடியும். நகர்ந்து விட்ட அந்தக் கொஞ்ச இடத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிற்காமல் நடந்தாள்.

நாத்தனார் பெனெடெட்டா கல்யாணமாகாமலே நாற்பத்தெட்டு வயதாகி, எர்சீலியாவின் வீட்டு மேல் மாடியில் குடியிருந்தாள். எர்சீலியா மாடியேறிப் போய்க் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

“உனக்கும் தெரியுமா?”

பெனெடெட்டா சட்டென்று எழுந்தாள். இனியும் மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. “வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுவான், அண்ணி. உங்களைப் பத்தியும் விசாரிப்பான்.”

“நீ என்ன எழுதுவே?”

“நல்லாருக்காங்க, கறுப்பு அவங்களுக்கு எடுப்பா இருக்குன்னு.”

எர்சீலியா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கப் படிக்கட்டின் பாதி தூரம் ஆனது. கீழ்த்தளத்தில் செவெரோ உடைந்த படி ஒன்றைப் பூசிக்கொண்டிருந்தார். நடந்ததை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நகராட்சிக் கட்டடத்திலிருந்து செய்தி அவளை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

“நான் அடிச்சா அந்த ஃபிகாரி அப்புறம் எனக்கு ஒரு செங்கல் வேலைகூடத் தர மாட்டான், அக்கா” என்றார் தலையைக் குனிந்துகொண்டே. கையைத் தட்டிவிட்டு எழுந்தார். “நான் சாப்பிடப் போறேன். சுத்தியலை இங்கயே மறந்துட்டுப் போயிட்டேன்னு வெச்சுக்குங்க. நடுவுல அடிங்க. மேல் சட்டத்தைத் தொடாதீங்க.”

ஐம்பத்தாறு வயதில், நெஞ்சில் பாதி மூச்சோடு, எர்சீலியா நெத்திலி அறைக்குள் நின்று சுத்தியலைத் தூக்கினாள். முதல் அடியில் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தோள்தான் கழன்றது போலாயிற்று. பத்து அடி அடிப்பாள், கட்டிலில் உட்கார்ந்து இருமுவாள், மறுபடி எழுவாள். அடுத்த அறை மிலான்காரர் வந்து, என் மனைவி தூங்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார். அவள் சுத்தியலோடு திரும்பிப் பார்த்த பார்வையில், தூக்கம் அவ்வளவு முக்கியமில்லை என்று முடிவு செய்துகொண்டு போனார். தாத்தா காலத்துச் சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. பிற்பகல் முழுக்க அடித்தாள். அவன் எங்கே நிற்கிறான் என்று உள்ளிருந்து தெரியாது. நெஞ்சா, வயிறா, முகமா, எதை அடிக்கிறோம் என்று தெரியாமலே அடித்தாள். எது கிடைத்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

வெளியே படகு வந்து நின்றபோது சரியாக ஆறு மணி. வாசலில் விதவையைக் காணோமே என்று வழிகாட்டி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒலிபெருக்கியில் கதையை ஆரம்பித்தான். கடலின் அடியாழத்திலிருந்தும் அவர் தன் மனைவியை மறக்கவில்லை என்ற இடத்துக்கு வந்தான். அப்போது ஜெரோலமோவின் இரண்டாவது பொத்தான் உப்பி, வெடித்து, தெருவில் விழுந்தது. அதைத் தொடர்ந்து மார்பு விழுந்தது. ரோஜாக் கன்னம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி இளித்தபடியே சிறிது நேரம் தொங்கிவிட்டு விழுந்தது. பெனெடெட்டா மேலேயிருந்து ஐயோ அண்ணா என்று கத்தினாள். புழுதி அடங்கியதும், ஓட்டையில் தலை முழுக்கச் சுண்ணாம்போடு ஒரு பெண் முகம் தெரிந்தது. வாயைத் திறந்து, கரையில் போட்ட மீன் போல, அவள் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

படகில் மிலான்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

அன்று தெருவில் விழுந்த சுண்ணாம்புத் துண்டுகளை ஞாபகார்த்தமாகப் பொறுக்கிக்கொண்டு போனவர்கள் பலர். ஃபிகாரி முதலில் போலீஸைக் கூப்பிட்டான். மறுநாள் படகில் உட்கார இடமில்லாமல் கூட்டம் நெரிந்ததைப் பார்த்ததும் போலீஸைத் திருப்பி அனுப்பினான். மேயர் அபராதம் விதித்தார்; அதை வசூலிக்க யாரையும் அனுப்பவில்லை. புதுத் தபால் அட்டை அச்சாயிற்று. அதில் புருஷன் இல்லை, ஓட்டை இருந்தது. செவெரோ செப்டம்பரில், ஆள் நடமாட்டம் குறைந்த பிறகு வந்து, மரச்சட்டம் பொருத்திக் கதவு மாட்டினார். சட்டத்துக்கு வெளியே, தொப்பியைப் பிடித்த இடது கை மட்டும் மிச்சமிருந்தது. அதைச் செதுக்கி எடுக்கட்டுமா என்று கேட்டார். அந்தக் கையால் இனி என்ன செய்துவிடப் போகிறான், இருக்கட்டும் என்றாள்.

அந்த ஆகஸ்ட் திருவிழாவில் எர்சீலியா ஊர்வலத்தில் நடக்கவில்லை. சந்தையில் வாங்கிய நீலப் பருத்தி கவுனைப் போட்டுக்கொண்டு, இன்னும் கதவு மாட்டாத ஓட்டையில் உட்கார்ந்திருந்தாள். கடல் விதவைகள் கீழே கடந்து போனபோது தெக்லா மட்டும் அண்ணாந்து பார்த்து, மெழுகுவர்த்தியை ஒரு சாண் உயர்த்திவிட்டுப் போனாள்.

மறு வருஷம் மிலான் குடும்பம் ஒன்று அந்த அறைதான் வேண்டும் என்று இரட்டை வாடகை சொன்னது. அது வாடகைக்கு இல்லை என்று சொல்லி, மற்ற மூன்றில் ஒன்றைக் காட்டினாள். அதன் பிறகு பத்துக் கோடை அந்த அறையில்தான் படுத்தாள். டாக்டர் வரும்போதெல்லாம் முதுகில் காது வைத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சொல்லிப் போவார்.

கதையின் நாயகி நீலக் கவுனில் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு அவரைக்காய் உரிப்பது வழிகாட்டிக்குத் தொல்லையாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் யோசித்து, ஃபிகாரியின் சம்மதத்தோடு கதையை மாற்றிவிட்டான். கணவனின் நினைவைச் சுமக்க முடியாமல் சுவரை உடைத்த அந்த விதவை, அன்றிரவே மாரடைப்பில் இறந்துவிட்டாளாம்.

“மேலே உக்காந்திருக்காங்களே, அது அவங்க தங்கச்சி. அக்கா மாதிரி இல்ல, கொஞ்சம் கல்நெஞ்சு” என்று ஒலிபெருக்கியில் சொல்வான்.

படகிலிருந்து கைக்குட்டைகள் வெளியே வரும். அத்தனை பேரும் ஏறிட்டு அவளை வெறுப்போடு பார்ப்பார்கள். எர்சீலியாவும் அதே வெறுப்போடு அவர்களைத் திருப்பிப் பார்ப்பாள். படகு திரும்பிப் போனதும் மடியில் மீதியிருக்கும் காயை உரிப்பாள். மாலை நேரத்தில் அந்த ஜன்னலில் காற்று நன்றாகவே வரும்.